உப்பு முதல் சுர்மா வரை: பிள்ளைகளுக்குக் கனிமங்களை அறிமுகம் செய்வோம்



விடுமுறையில் பிள்ளைகள் கையிலிருந்து செல்போனை வாங்க வேண்டுமானால், பதிலுக்கு வேறொன்றைக் கொடுக்க வேண்டும். செலவில்லாத ஒன்றைச் சொல்கிறோம். வீட்டில் உள்ள கனிமங்களைத் தேடிப் பட்டியல் எழுதச் சொல்லுங்கள்.

பூமியில் இயற்கையாக உண்டாகும், தனக்கென ஒரு வேதி அமைப்பைக் கொண்ட திடப்பொருளே கனிமம். அடுப்படியிலிருந்தே தொடங்கலாம். பாறையாக வெட்டி எடுக்கும் இந்துப்பும், தூத்துக்குடி உப்பளத்தில் விளையும் உப்பும் அடிப்படையில் ஒரே பொருள்தான். பென்சிலின் உள்ளே இருப்பது கிராஃபைட். அது நம் சிவகங்கை மாவட்டத்தில் கிடைக்கிறது. வீட்டுச் சுவரில் உள்ள சிமெண்ட், அரியலூர் போன்ற இடங்களில் வெட்டும் சுண்ணாம்புக்கல்லில் இருந்து வருகிறது.

அடுத்து, கல்லை இனம் காணும் சோதனைகள். ஜெர்மனியைச் சேர்ந்த மோஸ் என்பவர் 1812-இல் கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினார். மிக மென்மையான டால்க் 1, வைரம் 10. நம் நகத்தின் கடினம் ஏறத்தாழ 2.5. நகம் கீறினால் கல் அதைவிட மென்மையானது. கண்ணாடியையே கீறும் வெள்ளைக் கல் குவார்ட்ஸாக இருக்கலாம். டைல்ஸின் மெருகில்லாத பின்புறத்தில் கல்லைத் தேய்த்தால் விழும் கோட்டின் நிறமும் அடையாளம் சொல்லும். கறுப்பாகத் தெரியும் ஹேமடைட் என்ற இரும்புக்கல் செம்பழுப்புக் கோடு போடும். சுண்ணாம்புக்கல் தூளில் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். எந்தக் கல்லையும் நாக்கில் வைக்கக் கூடாது, தொட்ட பின் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

இந்தப் பட்டியலில் நம் வீடுகளில் உள்ள இன்னொரு பொருளும் வரும். அதுதான் சுர்மா. இஸ்மித் என்பது அந்திமனி சேர்ந்த கல் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் சந்தையில் சுர்மா என்ற பெயரில் விற்பவற்றில் பல, கலீனா என்ற ஈயக் கனிமத்தின் தூள். இரண்டும் பளபளக்கும் சாம்பல் நிறக் கற்கள். கல்லாக இருந்தால் கலீனாவை ஓரளவு கண்டுபிடிக்கலாம்: கையில் தூக்கினால் மிகவும் கனக்கும், உடைத்தால் சிறு சதுரக் கட்டிகளாகப் பிரியும். தூளாக்கிக் குப்பியில் அடைத்த பின் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

குழந்தைகளுக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஈயம் மூளை வளர்ச்சியையும் படிப்பையும் பாதிக்கும். கண்ணைக் கசக்கிய விரல் வாய்க்குப் போகும்போது சுர்மாவும் கூடவே போகிறது.

ஆகவே, என்ன கலந்தது என்று தெரியாத சுர்மாவைக் கைக்குழந்தைகளுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் இட வேண்டாம். கர்ப்பிணிகளும் தவிர்ப்பது நல்லது. நெடுநாள் இட்டு வந்திருந்தால் பயப்பட வேண்டாம். மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லி, ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கும் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.

நம் பிள்ளைகள் கல்லைத் தேடி எழுதும் பட்டியல், இன்ஷா அல்லாஹ், வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு பாடமாக அமையட்டும்.