பயிர் நோயை முன்னறியும் இலை உணரிகள்

தோட்டக்காரன் நாள்தோறும் தன் பயிரைச் சுற்றிவந்து பார்க்கிறான். ஓர் இலையில் மஞ்சட் புள்ளியைக் கண்டதும் நோய் தொடங்கிவிட்டது என்கிறான். உண்மையில் அந்நோய் அன்று தொடங்கியதன்று. பல நாட்களுக்கு முன்னரே இலையினுட் புகுந்து, உள்ளே வளர்ந்து, அடுத்த செடிக்குச் செல்லத் தயாராகும் வேளையிலேதான் அது புள்ளியாக வெளிப்படுகிறது. கண்ணுக்குப் புலனாகும் நாள் நோய் பிறந்த நாளன்று. பெரும்பாலும் அது பரவப் புறப்படும் நாளாகும். இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட காலத்திலே நோயைக் கண்டறிவதற்காக, செடியின் இலையிலேயே ஒட்டிவைக்கத்தக்க நுண்கருவிகளை இக்கால அறிவியலாளர் ஆக்கி வருகின்றனர். உணரிகள் எனப்படும் அக்கருவிகள் யாங்ஙனம் தொழிற்படுகின்றன, உழவனுக்கு அவற்றால் விளையக்கூடிய பயன் யாது என்பவற்றை இங்கு நோக்குவோம்.

அவ்விடைக்காலத்தின் பெறுமதியை உணர்தற்கு நம் நாட்டு வரலாறே போதுமானது. 1869 ஆம் ஆண்டில் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் காணப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் தலைவராயிருந்த துவெயிற்ஸ் என்பார் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே அவற்றை ஆராய்ந்து, நோய்க்குக் காரணமான பங்கசுக்குப் பெயரிட்டவருள் ஒருவர் பார்க்கிளி என்னும் பாதிரியார். 1845 இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிர் பிந்திய வெளிறல் நோயால் அழிந்து, தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அந்நோய்க்கு இலையிற் படரும் நுண்ணிய பூஞ்சணமே காரணம் என்று 1846 இல் எழுதி, அக்காலத்து அறிஞர் பலரின் மறுப்புக்கு ஆளானவரும் இப்பாதிரியாரே.

1880 இல் மார்ஷல் உவாட் என்னும் இளம் தாவரவியலாளர் கோப்பி நோயை ஆராயவென இலங்கைக்கு வந்தார். காற்றில் மிதந்து வரும் வித்திகளைக் கண்ணாடித் தகடுகளிற் படியச் செய்து பார்த்தார். வித்தியானது இலையின் மீது முளைத்து, இலைவாய் எனப்படும் நுண்துளை வழியே உள்ளே நுழைவதையும் கண்டார். கோப்பி இலையில் இத்துளைகள் கீழ்ப்புறத்தில் அமைந்தவை. நுழைந்த பங்கசு வழக்கமாக இரண்டு அல்லது மூன்று வாரங்களின் பின்னரே செம்மஞ்சள் நிறத் தூளாக வெளிவருகிறது. வித்தி முளைப்பதற்கு முன்னர் இலைமீது மருந்து இருந்தாற் பயன் உண்டு. பங்கசு உட்புகுந்த பின்னர் மேலே தெளிக்கும் மருந்தாற் பயன் இல்லை என்பதே அவர் ஆராய்ச்சி உணர்த்திய செய்தி. தோட்டத்துரைமாரோ தூளைக் கண்ட பின்னரே மருந்தைத் தேடினர். பிரான்சு நாட்டில் மில்லார்டே என்பவர் துருசும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவையை வெளியிட்டது 1885 இல். அதற்குள் மலைநாட்டுக் கோப்பி பெரும்பாலும் அழிந்து, தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கண் காணாத அவ்வாரங்களில் செடி வாளாவிருக்கிறதா என்றால், இல்லை. புல்லை வெட்டியவுடன் எழும் பச்சை மணத்தை அறியாதார் யார்? அது காயமுற்ற இலைகள் வெளிவிடும் ஆவிப்பொருள்களின் மணமாகும். நோய்க்கிருமி புகும்போதும் செடி இவ்வாறே தன் இரசாயனத் தொழிற்பாட்டை மாற்றுகிறது. முதலில் உயிரணுக்களில் ஐதரசன் பேரொட்சைட்டுப் பெருகுகிறது. சலிசிலிக் அமிலம் போன்ற பாதுகாப்புப் பொருள்கள் தோன்றுகின்றன. இலைவாய் வழியே வெளிவரும் ஆவிகளின் கலவை வேறுபடுகிறது. நீராவியின் அளவும் மாறுகிறது. நமது மூக்குக்கு எட்டாத இம்மாற்றங்களை அளப்பதே உணரியின் வேலை. தாவரம் புறத்தாக்கங்களுக்கு மறுமொழி தருவதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜகதீச சந்திர போஸ் மின்கருவிகளாற் காட்டியதை நம்மவர் பெருமையோடு நினைவுகூர்வர். அப்பெருமை தகும், ஆயினும் இன்றைய இலை உணரிகள் அவர் கருவிகளிலிருந்தே பிறந்தன என்று கூறுவது மிகையாகும்.

ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆராய்ச்சிகள் இத்துறையின் வளர்ச்சியை நன்கு காட்டுகின்றன. 2019 இல் அங்குள்ளோர் வெளியிட்ட முறையில், ஐயத்துக்குரிய தக்காளி இலையொன்றைப் பறித்துச் சோதனைக்குழாயில் இட்டு மூடி, 15 நிமிடமேனும் வைத்திருந்து, சேர்ந்த ஆவியை நிறம் மாறும் தாட்பட்டியின் மேற் செலுத்தித் திறன்பேசியாற் படித்தறிந்தனர். இது நன்று, எனினும் எவ்விலையைப் பறிப்பது என்பதை உழவனே முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஆதலின் 2021 இல் அவர்கள் கருவியையே இலைமீது ஒட்டினர். மெல்லிய நெகிழும் ஒட்டு ஒன்றில் கிராபீன் என்னும் காபன் படலத்தாலான உணரிகள் அமைக்கப்பட்டன. அவற்றின் மேற் பூசப்பட்ட பொருள்கள் வெவ்வேறு ஆவிகளைப் பற்றிக்கொள்வன. ஆவி பற்றியதும் உணரியின் மின்தடை மாறும். அம்மாற்றமே செய்தி. தக்காளிக்குப் பிந்திய வெளிறல் நோயை ஊட்டிப் பார்த்தபோது, மூன்று நான்கு நாட்களிலேயே அவ்வொட்டு நோயைக் காட்டிற்று.

2023 இல் வெளிவந்த அடுத்த கருவி 30 மில்லிமீற்றர் நீளமுடையது; வெள்ளியாலான நுண்ணிய கம்பிகளை மின்வாய்களாகக் கொண்டது. ஆவிப்பொருள்களோடு வெப்பநிலையையும் ஈரப்பதனையும் சேர்த்து அளப்பது. இது ஒட்டப்படுவது இலையின் கீழ்ப்புறத்தில், இலைவாய்கள் மிகுந்த பக்கத்தில். கோப்பிப் பங்கசு நுழைந்த வாயிலிலேயே இன்று காவலாளி நிறுத்தப்படுகிறான்! பனிப்பூச்சியாற் பரவும் தக்காளிப் புள்ளி வாடல் வைரசின் குறிகள் கண்ணுக்குத் தெரிய 10 முதல் 14 நாட்கள் செல்லும். இவ்வொட்டின் அளவீடுகளைக் கணினிக்குக் கொடுத்து, நலமான செடியின் போக்கையும் நோயுற்ற செடியின் போக்கையும் வேறுபிரித்தறியப் பயிற்றியபோது, குறைந்தது மூன்று உணரிகளின் துணைகொண்டு நான்காம் நாளிலேயே நோயை அறிய முடிந்தது.

ஓர் ஆவியை மட்டும் அளந்தாற் போதாதா என மாணவர் வினவலாம். போதாது. வெயிலின் கொடுமையும் புழுவின் கடியும் நீரின்மையும் செடியின் மணத்தை மாற்றக்கூடியன. காய்ச்சலைக் கண்ட மாத்திரத்தில் அது மலேரியாவென்று வைத்தியர் முடிவு கட்டுவதில்லை. பல குறிகளைச் சேர்த்தே தீர்மானிக்கிறார். இதனையே வேறொரு வழியில் 2024 இல் மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தாரும் சிங்கப்பூர் ஆய்வாளரும் காட்டினர். ஒருவகைச் சீனக் கீரையில் ஐதரசன் பேரொட்சைட்டையும் சலிசிலிக் அமிலத்தையும் ஒருங்கே அளந்தபோது, வெப்பம், மிகையொளி, காயம், பற்றீரியாத் தாக்குதல் ஆகிய நான்கும் காலவொழுங்கில் வெவ்வேறு வடிவம் காட்டின.

இனி உழவன் பக்கம் நின்று சில கேள்விகளை எழுப்புதல் வேண்டும். கருவியைக் கண்டு வியப்போர் இவற்றைக் கேட்பதில்லை. முன்னறிந்து செய்யக்கூடியது யாது? பிந்திய வெளிறல் குளிர்ந்த ஈரக் காலநிலையில் ஒரு வாரத்துக்குள்ளேயே புண்ணாக வெளிப்படும். ஆகவே அங்கே உணரியால் மிஞ்சுவது சில நாட்களே. ஆயினும் அச்சில நாட்களில் அயற்செடிகளுக்கு மருந்து தெளித்துக் காக்கலாம். வைரசு நோயிலோ மிஞ்சும் நாட்கள் பல. ஆனால் நோயுற்ற செடியைக் குணமாக்கும் மருந்து இல்லை. அதனைப் பிடுங்கி அழித்து, பனிப்பூச்சி மேலும் கொண்டுசெல்லாமற் தடுப்பதே வழி. காய்க்கத் தொடங்கிய, பார்வைக்கு யாதொரு குறையுமில்லாத செடியை ஒரு சிறு ஒட்டின் சொற்கேட்டுப் பிடுங்குவதற்கு எத்தனை பேருக்கு மனம் வரும்? இருமுறை பொய்யாக எச்சரித்தாற் போதும். மூன்றாம் முறை அதனை ஒருவரும் நம்பார். பிழையான எச்சரிக்கைகளைக் குறைப்பது, முன்னறியும் நாட்களை மேலும் ஒன்று கூட்டுவதிலும் முக்கியமானது என்பது என் கருத்து.

செலவு மற்றொன்று. ஒவ்வொரு செடிக்கும் ஒட்டுப் போடுதல் நடவாத காரியம். பசுமைக்கூடத்தின் வாயிலருகே, காற்று வரும் ஓரத்தில், சென்ற போகம் நோய் கண்ட மூலையில் எனச் சில செடிகளைத் தேர்ந்து காவற்செடிகளாக வைத்தல் பொருந்தும். விலையும் இறங்கி வருகிறது. 2025 இல் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார், நுண்ணிய ஊசிகள் பதித்த ஒட்டை இலையின் கீழ்ப்புறத்தில் அழுத்தி, ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் ஐதரசன் பேரொட்சைட்டின் அளவை அறியும் முறையை வெளியிட்டனர். சோதனை ஒன்றின் செலவு ஒரு டொலருக்கும் குறைவு. செடிக்கு ஏதோ தாக்கம் நேர்ந்துள்ளது என்பதை இது காட்டும். எந்நோய் என்பதை இது மட்டும் கூறாது.

நம் நாட்டிற்கு இக்கருவிகளை வாங்கிவந்து ஒட்டிவிட்டாற் போதும் என எண்ணுதல் தவறாகும். தக்காளியிற் பயிற்றப்பட்ட கணினி மிளகாய்ச் செடியை அறியாது. கண்ணாடிக் கூடத்தில் ஒழுங்காகப் பேணிய வெப்பத்திற் பழகியது, யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் நலமான செடியையும் நோயாளி என்று கூறக்கூடும். நுவரெலியாவின் உருளைக்கிழங்குக்கும் நமது மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும், நலமாயிருக்கும் நாளின் ஆவிகள் எவை, நோய் புகுந்த முதலாம் இரண்டாம் நாட்களின் ஆவிகள் எவை என்று தனித்தனியே அளந்து பதிதல் வேண்டும். நோயூட்டிய செடிகளையும் நோயற்ற செடிகளையும் பிரித்து வளர்த்து, பகலிலும் இரவிலும், மழையிலும் கோடையிலும் அவற்றின் ஆவியைச் சேர்த்துப் பகுத்தறியும் அவ்வேலை, இங்குள்ள ஆய்வுகூடங்களிலேயே இந்நாட்டு விதைகளைக் கொண்டு செய்யப்பட வேண்டியதாகும்.