காலெலும்பில் ஒரு தாடை

புகையிலையும் பாக்கும் மெல்லும் பழக்கம் நம் நாட்டில் வாய்ப் புற்றுநோயைப் பெருக்கி வைத்திருக்கிறது. கட்டி ஈறைத் தாண்டித் தாடைக்குள் இறங்கிவிட்டால், எலும்பையும் சேர்த்தே அறுத்தெடுக்க வேண்டும். அறுத்த இடத்தை அப்படியே விட்டால் முகம் கோணிக்கொள்ளும், எச்சில் வழியும், மெல்ல முடியாது.

அறுத்தெடுத்த தாடை எலும்புக்கு ஈடாக வருவது ஃபிபுலா. முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கமாக ஓடும் மெல்லிய எலும்பு. உடல் பாரத்தைப் பெரும்பாலும் பக்கத்து எலும்பே தாங்குவதால், இரு முனைகளையும் விட்டுவிட்டு நடுவில் 20 செ.மீ. வரைகூட எடுக்கலாம், நோயாளி பிறகு நடப்பார். 1989இல் அமெரிக்க மருத்துவர் டேவிட் ஹிடால்கோ இந்த எலும்பால் தாடையைச் சீரமைத்துக் காட்டினார்.

சிக்கல் ஒன்றுதான்: ஃபிபுலா நேரானது, தாடையோ லாடம்போல் வளைந்தது. எலும்பைத் துண்டுகளாக்கி, கோணம் பார்த்துச் சேர்க்க வேண்டும். பல காலம் இது கண்ணளவில்தான் நடந்தது.

இப்போது முகத்தையும் காலையும் சி.டி. ஸ்கேன் எடுத்து, மருத்துவரும் பொறியாளரும் கணினித் திரையில் முதலிலேயே அறுவையை நடத்திப் பார்த்துவிடுகிறார்கள். அதன்படி 3டி பிரிண்டரில் அச்சாகி வருவது உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் சட்டம். எலும்பின் மேடுபள்ளத்தில் குறித்த இடத்தில் மட்டுமே அது கச்சிதமாக உட்காரும். அதிலுள்ள பிளவுக்குள் ரம்பத்தை விட்டால் கோணம் பிசகாது. ரத்தக்குழாய் காலோடு இணைந்திருக்கும்போதே எலும்பை வெட்டி, டைட்டானியம் தகட்டில் திருகித் தாடையாக்கிவிடலாம். அதன் பிறகுதான் குழாயைத் துண்டித்து, மைக்ரோஸ்கோப்பின் கீழே, தலைமுடியைவிட மெல்லிய நூலால் கழுத்துக் குழாய்களோடு தைக்கிறார்கள். எலும்பு ரத்தமில்லாமல் கிடக்கும் நேரம் குறைகிறது. பிரிண்டர் செய்யும் பெரிய உபகாரம் இதுதான் என்பேன்.

"முகத்தையே பிரிண்ட் எடுத்தார்கள்" என்ற செய்திகளை அப்படியே நம்ப வேண்டாம். 2011இல் நெதர்லாந்தில் 83 வயது மூதாட்டிக்கு அச்சிட்ட டைட்டானியத் தாடையையே முழுதாகப் பொருத்தினார்கள், உண்மைதான். ஆனால் சதையும் தோலும் நரம்பும் அப்படி அச்சாகி வருவதில்லை. வாயின் உட்புறத்தை மூடும் தோலும் எலும்போடு சேர்ந்து காலிலிருந்தே வருகிறது.

இப்படி முன்கூட்டி அளவெடுப்பது புதிதல்ல. மைசூரின் திப்பு சுல்தான் படையிடம் சிக்கி மூக்கறுபட்ட காவஸ்ஜி என்ற மாட்டு வண்டிக்காரருக்குப் புனே அருகே நடந்த சிகிச்சையை 1794இல் லண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகஸின்' வெளியிட்டது. மெழுகுத் தகட்டில் மூக்கு செய்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடிழுத்து, அந்த அளவுக்குத் தோலை எடுத்திருக்கிறார்கள். அன்றைய மெழுகின் வேலையைத்தான் இன்றைய பிளாஸ்டிக் சட்டம் செய்கிறது.

ஒரு எச்சரிக்கை. கட்டி காத்திருக்காது. ஸ்கேனுக்கும் அறுவைக்கும் இடையே அது வளர்ந்துவிட்டால் அச்சிட்ட சட்டம் பொருந்தாது. உங்கள் வீட்டில் யாருக்கேனும் இந்த அறுவை தள்ளிப்போனால், பழைய ஸ்கேன் போதுமா, புதிதாக எடுக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.