அடிவயிற்று வலி எல்லாம் சூட்டு வலி அல்ல!

"வைத்தியரய்யா, ரெண்டு நாளா அடிவயித்துல ஒரு பக்கமா இழுத்துப் புடிக்குது. வெந்தயம் முழுங்கிப் பார்த்தேன், கேக்கல. சூரணம் ஏதாச்சும் குடுங்க."

போடியிலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி, ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பெண் அவர். ஏலக்காய் செடியின் அடியில், தரையை ஒட்டிக் காய்ப்பது. நாள் முழுக்கக் குனிந்தும் குத்த வைத்தும் எடுப்பதால் வந்த வலி என்று நினைத்துவிட்டார்.

நாடியைப் பார்த்தேன். படபடவென்று ஓடியது. கண் இமையின் உட்புறம் வெளுத்திருந்தது. "தோள்பட்டையும் குத்துது" என்றார்.

"தீட்டு தள்ளிப் போயிருக்கா தாயி?"

"நாப்பத்தஞ்சு நாளாச்சு. முந்தாநாள் லேசா பட்டுச்சு. ஆனா எனக்குத்தான் ஆபரேஷன் ஆகி ஆறு வருஷம் ஆச்சேய்யா!"

மருந்துப் பெட்டியை மூடினேன். உடனே கார் பிடித்துத் தேனிக்கு அனுப்பினேன். கருக்குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் தேங்கியிருந்ததாம். அறுவை சிகிச்சை செய்து, ரத்தம் ஏற்றிக் காப்பாற்றினார்கள். இந்த வலி வந்தது மலைமேல் என்றால்? போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வரும் நேரமே உயிரைக் குடித்திருக்கும்.

குழாயில் கரு தங்குவது ஏன்?

கருமுட்டையும் விந்தணுவும் சேருவது கருக்குழாயில்தான். அங்கிருந்து சில நாட்களில் கரு கர்ப்பப்பைக்கு நகர்ந்துவிட வேண்டும். பழைய கிருமித் தொற்று, காசநோய், அறுவை சிகிச்சை ஆகியவற்றால் குழாய் சுருங்கியிருந்தால் கரு வழியிலேயே தங்கிவிடும். நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டு இப்படி ஆகின்றன. குழாய்க்குக் கர்ப்பப்பை போல விரியும் சக்தி கிடையாது. அதனால் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரத்தில் வெடிக்கிறது. கசியும் ரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதால்தான் தோளில் வலி.

குடும்பக் கட்டுப்பாடு செய்தவர்களுக்குக் கரு தங்குவது மிக அபூர்வம். ஆனால் தங்கிவிட்டால், மூன்றில் ஒன்று அளவுக்குக் குழாயில் தங்கக்கூடும். "எனக்கு ஆபரேஷன் ஆயிருச்சு" என்று அலட்சியம் வேண்டாம்.

கட்டியாகவும் இருக்கலாம்

சினைப்பையில் கட்டி இருந்து, அது காம்போடு முறுக்கிக்கொண்டாலும் இதே போலத் திடீர் வலியும் வாந்தியும் வரும். சில கட்டிகளை அறுத்தால் உள்ளே முடி, பல்கூட இருக்கும். இதைப் பார்த்துச் செய்வினை என்று பயப்படுவோர் உண்டு. பிறவியிலேயே உள்ள மூல அணுக்கள் வளர்ந்ததுதான் அது. பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. இளம்பெண்களின் சாதாரண நீர்க்கட்டிகள் இரண்டு மூன்று மாதவிலக்கில் தானாகவே கரைவதும் உண்டு. ஆனால் தீட்டு நின்ற பிறகு வயிறு உப்பி, கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிட்டால், வாயு என்று தள்ளிப்போடாமல் ஸ்கேன் எடுங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

தீட்டு தள்ளி, ஒரு பக்க வலி, லேசான உதிரப்போக்கு, மயக்கம் — இவற்றில் இரண்டு சேர்ந்தாலே சிறுநீர்ப் பரிசோதனையும் ஸ்கேனும் அவசியம். வெடிக்குமுன் கண்டுபிடித்தால், தகுந்தவர்களுக்கு மெத்தோட்ரெக்சேட் ஊசியே போதும். மயக்கம் வந்தால் 108-ஐ அழையுங்கள். கடையில் வாங்கும் கருக்கலைப்பு மாத்திரை குழாயில் உள்ள கருவைக் கலைக்காது. ரத்தம் பட்டதும் "கலைஞ்சிருச்சு" என்று ஏமாந்து போவீர்கள்.

கஷாயமும் சூரணமும் இதற்கு மருந்தல்ல; சித்த மருத்துவனாகிய நானே சொல்கிறேன். உயிர் பிழைத்து வந்தபின் ரத்தசோகை தீர, மகப்பேறு மருத்துவரிடமும் கேட்டுக்கொண்டு எங்களிடம் வாருங்கள். அந்தப் பெண்ணும் அப்படித்தான் வந்தார், முறத்தில் கொஞ்சம் ஏலக்காயோடு!