தனியார் வைத்தியரை முதன்முறை நாடுவோர்

மருந்தின் கூறுகளை நான்காக வகுத்த திருவள்ளுவர், நோயுற்றவனையே அவற்றுள் முதலில் வைத்தார். தனியார் வைத்தியரை முதன்முறை நாடுவோர்க்கு அவ்வரிசை நன்கு பொருந்தும். அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக் கொப்பி நம் நாட்டிற் பெரும்பாலும் நோயாளியின் கையிலேயே இருப்பது. அதனை வீட்டில் விட்டுச் செல்பவர் தம் நோய்வரலாற்றையே விட்டுச் செல்கின்றார்.

கொப்பியோடு, பரிசோதனை அறிக்கைகளையும், உட்கொள்ளும் குளிகைகளை அவற்றின் உறையுடனும் கொண்டுசெல்லல் வேண்டும். ‘சிறிய வெள்ளைக் குளிகை’ என்றால் எவருக்கு விளங்கும்? பரியாரியார் தந்த சூரணத்தையும், மூட்டு நோவுக்குக் கடையில் வாங்கிய டைக்ளோபினாக்கையும் மறைத்தலாகாது. பின்னது இரத்த அழுத்தத்தை உயர்த்தவும் சிறுநீரகத்தைத் தாக்கவும் வல்லது. முன்னர் ஒவ்வாதிருந்த மருந்தின் பெயரையும் எழுதிக்கொள்க.

வைத்தியரைக் காணும் நாளன்று இரத்த அழுத்தக் குளிகையைத் தவிர்க்கும் வழக்கம் நம்மவரிற் பலரிடம் உண்டு. அது பெருந் தவறு. அன்று அழுத்தம் உயர்ந்து காணப்படும். மருந்து போதவில்லையெனக் கருதி வைத்தியர் அளவைக் கூட்டுவார். மறுநாள் முதல் கூட்டிய அளவை ஒழுங்காக உட்கொள்பவர் அழுத்தம் குறைந்து தலைசுற்றி விழவுங் கூடும். வெறுவயிற்றோடு வரச் சொல்லியிருப்பின், காலைக் குளிகையை, சிறப்பாக நீரிழிவுக் குளிகையை, என்செய்வதென முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும்.