நீலக் கண் கேட்ட ஏமி

குந்தாவிலிருந்து பேசுறேன், பின்னாடி மழைச் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க. இன்னைக்கு அழகு பத்திப் பேசலாம்.

போன்ல பியூட்டி மோடு ஆன் பண்ணினா முகம் வழவழன்னு ஆகுது, கொஞ்சம் வெளுத்தும் போகுது. எது அழகுங்கிறதுக்கு யாரோ முன்னாடியே ஒரு டிஃபால்ட் வச்சிருக்காங்க. நூறு வருஷத்துக்கும் முன்னாடி அப்படி ஒரு டிஃபால்ட்டோட வளர்ந்து, வெளிநாட்டு ஊழியத்துல அதை மாத்திக்கிட்டவங்க ஏமி கார்மைக்கேல்.

1867-ல், இன்றைய வட அயர்லாந்தில் பிறந்தவங்க. சின்ன வயசுல தன்னோட பழுப்புக் கண் பிடிக்காம, நீலக் கண் வேணும்னு ராத்திரி ஜெபம் பண்ணிட்டு, காலையில கண்ணாடியைப் பார்த்திருக்காங்க. பழுப்பேதான்.

1893-ல் ஜப்பான் போனாங்க. அங்க உடம்பு முடியாத ஒரு பாட்டிகிட்ட பேசிட்டிருக்கும்போது, பாட்டியோட கவனம் பேச்சை விட்டு ஏமியோட ரோமக் கையுறை மேல போயிடுச்சு. அதுக்கப்புறம் கிமோனோ. 1895-ல் இந்தியா வந்து, தமிழ் படிச்சு, திருநெல்வேலிச் சீமையில புடவைக்கு மாறினாங்க. கோயிலுக்கு விடப்படவிருந்த பெண் குழந்தைகளுக்கு டோனாவூர்ல வீடு அமைச்சாங்க.

பிரசங்கத்துல இந்தக் கதையை எப்படி முடிப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும்: பழுப்புக் கண் இருந்ததாலதான் காபித்தூள் பூசி, இந்தியப் பெண் மாதிரி நடமாட முடிஞ்சது. எனக்கு இது முழுசா ஒத்துவரல. பயன்பட்டதுங்கிறது வேற, அழகுங்கிறது வேற இல்லையா? நீலம் ஒசத்திங்கிற எண்ணம் அப்படியேதானே இருக்கு?

எனக்கு முக்கியமாப் படுறது நகை விஷயம். ஏமியோட கிராமம் கிராமமாப் போன தமிழ்ப் பெண்கள்ல ஒருத்தர் பொன்னம்மாள். கூட்டத்துல ஒரு குழந்தை, பெரியவளானா நானும் இவங்ககூடச் சேர்ந்து நகை போட்டுக்குவேன்னு சொன்னது அவங்க காதுல விழுந்திருக்கு. நகையைக் கழட்டிட்டாங்க. மத்தவங்களும் கழட்டினாங்க, ஊர்ல பெரிய சலசலப்பு. ஏன்னா நம்ம ஊர்ல நகை வெறும் அலங்காரம் இல்ல. அது பொண்ணோட கைச்சேமிப்பு, குடும்ப கௌரவம், சுமங்கலிங்கிற அடையாளம். வெறுங்கழுத்தா நின்னா என்ன பேசுவாங்கன்னு சொல்லணுமா?

ஏமி கழட்டினது ஒரு கையுறை. இந்தப் பெண்கள் கழட்டினதோட எடை வேற. ஆனா புத்தகங்கள்ல ஏமி பேர்தான் பெருசா இருக்கு. அழகை மறுபடி யோசிச்சவங்கன்னு ஒருத்தரைச் சொல்லணும்னா நான் பொன்னம்மாளைத்தான் சொல்வேன்.

ஏமி ஊருக்குத் திரும்பவே இல்ல. 1951-ல் டோனாவூர்லயே இறந்தாங்க. கல்லறைக்கல் வேண்டாம்னு சொல்லிட்டதால, அந்த இடத்துல பறவைங்க தண்ணி குடிக்க ஒரு கல்தொட்டி வச்சிருக்காங்க.

உங்க வீட்டுல யாராவது நகை போடாம கல்யாணம் பண்ணியிருக்காங்களா? சொந்தக்காரங்க என்ன சொன்னாங்க? வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல கேட்போம்.