இரு நிரல் மொழிகளும் ஒரு பாலமும்

ஒரு மொழியிலுள்ள நூலைப் பிறமொழியினர் பயன்கொள்ள வேண்டின், அதனை மொழிபெயர்த்துக் கொள்வதே உலக வழக்கு. கணினிக்கு ஆணையிடும் நிரல் மொழிகளிடையேயோ வேறொரு வழியும் உண்டு. ஒரு மொழியில் ஆக்கப்பட்ட கருவியை, ஓரெழுத்தும் மாற்றாது, மற்றொரு மொழியில் எழுதுவோர் எடுத்தாளலாம். அஃது எவ்வாறு இயலுகின்றது, எவ்விடத்தே இயலாது போகின்றது என்பவற்றை ஜைதன் என்னும் மென்பொருளின் வரலாறு தெளிவாகக் காட்டும்.

முதற்கண் வகுப்பு என்பது யாதென அறிதல் வேண்டும். வங்கிக் கணக்கொன்றை எடுத்துக்கொள்க. கணக்குக்கு உரியவர் பெயர், மீதித் தொகை என்பன அதன் தரவுகள். பணத்தை வைப்பிலிடல், மீளப்பெறல் என்பன அதன் செயல்கள். இவ்விரண்டையும் ஒருங்கே பிணைத்து வரையறுக்கும் அச்சே வகுப்பு எனப்படும். அவ்வச்சில் வார்க்கப்படும் ஒவ்வொரு கணக்கும் பொருள் எனப்படும். மீதிக்கு மேற்பட்ட தொகையைக் கொடுக்கலாகாது என்னும் விதியையும் வகுப்பினுள்ளேயே அமைத்துவிடலாம். பல்லாண்டு சோதித்துச் செம்மை செய்த இத்தகைய வகுப்பை வேறொரு மொழியில் மீண்டும் எழுதப் புகுந்தால், உழைப்பு இருமடங்காகும். அன்றியும், முன்னர்க் களைந்த பிழைகள் மீண்டும் தலையெடுத்தல் கூடும். பணக் கணக்கில் அத்தகைய பிழை சிறிதாயினும் பொறுக்கத்தக்கதன்று.

நெதர்லாந்தில் கைடோ வான் றொசம் ஆக்கிய பைதன் மொழி 1991 இல் வெளிவந்தது. அமெரிக்காவில் சன் மைக்ரோசிஸ்ரம்ஸ் நிறுவனம் 1995 இல் ஜாவா மொழியை வெளியிட்டது. ஜாவாவில் பொதுவாக ஒரு மாறி எண்ணா, எழுத்துத் தொடரா என அதன் இனத்தை முன்னரே அறிவிப்பது வழக்கம். பைதனில் அக்கட்டுப்பாடு இல்லை. சில வரிகளிலேயே கருமம் முடியும். இயல்பால் வேறுபட்ட இவ்விரண்டையும் இணைக்க ஜிம் ஹியூகுனின் என்பார் 1997 இல் முற்பட்டார். ஜேபைதன் என அவர் தொடக்கிய மென்பொருளே பின்னர் ஜைதன் எனப் பெயர் பெற்றது.

இணைப்பின் நுட்பம் அடித்தளத்தில் உள்ளது. ஜாவாவில் எழுதிய நிரல் முதலில் பைற்குறி என்னும் இடைக்குறியீடாக மாற்றப்படும்; மெய்நிகர்ப் பொறி என்னும் மென்பொருள் அதனைச் செயற்படுத்தும். ஜைதன், பைதன் நிரலையும் அதே இடைக்குறியீடாக மாற்றுகின்றது. ஆகவே, மேலே மொழி இரண்டாயினும் கீழே நிலம் ஒன்றே. நிரலின் தொடக்கத்தில் ஒரு வரியால் அழைத்தமாத்திரத்தே, ஜாவா வகுப்பு பைதன் வகுப்பைப் போலவே பணிசெய்யும். அதிலிருந்து பொருளை வார்க்கலாம். அதன் செயல்களை ஏவலாம். அதனைத் தாயாகக் கொண்டு பைதனில் சேய் வகுப்பொன்றையும் படைக்கலாம்.

இவ்வசதிக்கு ஒரு விலையும் உண்டு. ஜாவாவில் ஒரே பெயருடைய செயல்கள் பல இருக்கலாம். ஒன்று எண்ணை ஏற்கும், மற்றொன்று எழுத்துத் தொடரை ஏற்கும். எதனை அழைப்பது என்பதை ஜாவாவின் தொகுப்பி முன்கூட்டியே துணிந்துவிடும். ஜைதனோ நிரல் ஓடும்வேளையிலே, கொடுக்கப்பட்டதன் இனம் நோக்கித் துணியும். ஆதலின், ஜாவாவில் தொகுக்கும்போதே அகப்படும் இனப்பிழை இங்கே ஓடும்போதுதான் வெளிப்படும்.

மேலும், பைதனுக்கெனச் சி மொழியில் எழுதப்பட்ட நூலகங்களை ஜைதன் அவ்வண்ணமே ஏற்கமாட்டாது. அவை அப்பொது நிலத்தில் நிற்பனவல்ல. ஹியூகுனின் தாமே முன்னர்ப் பைதனுக்கு ஆக்கியளித்த நியூமெரிக் என்னும் எண்கணிப்பு நூலகமும் இவ்வகையினதே.

2008 இல் பைதனின் மூன்றாம் பதிப்பு வந்தது. அது பழைய பதிப்போடு முழுமையாக ஒவ்வுவதன்று. 2015 இல் வெளிவந்த ஜைதன் 2.7 பழைய பதிப்பையே பின்பற்றியது. 2020 தொடக்கத்தில் பைதன் இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு நிறுத்தப்பட்டபோது, ஜைதனை நம்பியிருந்தோர் தம் நிரல்கள் பழைய கரையில் நின்றுவிட்டதைக் கண்டனர்.

இரவல் வாங்கிய வகுப்பு உழைப்பை மீதப்படுத்தும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒரு கரை நகரும்போது பாலத்தையும் நீட்டிக் கட்டுவோர் வேண்டும். பிறமொழி வகுப்பை எடுத்தாள முனைவோர், அது தரும் பயனை எண்ணுமுன், பாலத்தைக் காப்போர் யாவர் என வினாவுதல் நன்று.