ஒரே சம்பளம்... ஏறும் தண்ணீர்ச் செலவு!

மாசம் பிறந்தால் பால் கணக்கு, மளிகைக் கணக்கு, பள்ளிக்கூட வேன், வீட்டு வாடகை என்று வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசையில் தண்ணீருக்கு முன்பெல்லாம் இடமே கிடையாது. இப்போது சென்னையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியிருக்கும் எந்தச் சகோதரியைக் கேட்டாலும், "பணம் தண்ணியா செலவாகுதுன்னு சொல்லுவாங்க, இங்கே தண்ணிக்கே செலவாகுது!" என்று அலுத்துக்கொள்வார்.

கணவன், மனைவி இருவரும் சம்பாதிக்கும் வீட்டில் இது ஒரு முணுமுணுப்போடு போய்விடும். ஒருவர் சம்பளத்தில் ஓடும் குடும்பத்தில் அப்படி இல்லை. மாசம் நானூறு, ஐநூறு கூடினால் குழந்தைக்கு வாங்கும் பழத்திலோ, மாமியாரின் மாத்திரையிலோ கை வைக்க வேண்டி வரும். அதுவும் வேண்டாம் என்று பல பெண்கள் தங்கள் தேவையைக் குறைத்துக்கொள்கிறார்கள். குளிப்பதைக் குறைக்கிறார்கள், மாடிக்குக் குடம் குடமாய்ச் சுமக்கிறார்கள், குடிக்கிற தண்ணீரைக்கூட அளந்து குடிக்கிறார்கள்.

அது சிக்கனம் இல்லை. சிக்கனத்தைக் குழாயில் காட்ட வேண்டும், நம் உடம்பில் காட்டக் கூடாது. எப்படி என்று பார்ப்போம்.

பணம் போகும் நாலு வழிகள்

"தண்ணி பில் ஜாஸ்தி" என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் அது ஒரே பில்லாக வருவதில்லை. முதலாவது, மெட்ரோ வாட்டருக்குக் கட்டும் வரியும் கட்டணமும். வரி ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும். இரண்டாவது, லாரித் தண்ணீர். தனி வீடாக இருந்தால் நேரே கையிலிருந்து போகும். அடுக்குமாடி என்றால் மெயின்டனன்ஸ் தொகைக்குள் ஒளிந்துகொண்டு வரும். மூன்றாவது, குடிக்க வாங்கும் 20 லிட்டர் கேன். நான்காவது, போர் மோட்டாருக்கு ஆகும் கரண்ட். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ ஒரு யூனிட் ஆகிவிடும்.

ஒரு பழைய நோட்டை எடுத்து நாலு பத்தி போடுங்கள். ஒரே ஒரு மாதம் விடாமல் எழுதுங்கள். ஆறு மாத வரியை ஆறால் வகுத்து ஒரு பங்கை எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பத்தி பெரிதாக இருக்கிறது என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். உங்கள் வீட்டில் எது பெரிதோ அங்கேதான் முதலில் கை வைக்க வேண்டும்.

ஒரு லிட்டர் என்ன விலை?

அரிசியைக் கிலோ விலை கேட்டு வாங்கும் நாம் தண்ணீரை லிட்டர் விலை பார்ப்பதில்லை. 12,000 லிட்டர் லாரிக்கு 1,800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லிட்டர் 15 பைசா ஆகிறது. 20 லிட்டர் கேன் 40 ரூபாய் என்றால் லிட்டர் 2 ரூபாய். லாரித் தண்ணீரைவிடக் கேன் தண்ணீர் பதின்மூன்று மடங்குக்கு மேல் விலை! உங்கள் தெருவில் என்ன விலையோ அதைப் போட்டுப் பாருங்கள்.

நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் குடிநீர்த் திட்டங்களுக்கு வைத்திருக்கும் அளவு. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 540 லிட்டர். மாதத்துக்கு 16,200 லிட்டர். இவ்வளவும் லாரியிலிருந்தே வந்தால், மேலே சொன்ன விலையில் 2,430 ரூபாய். இதில் நாளொன்றுக்கு 150 லிட்டர் மிச்சம் பிடித்தால் மாதம் 4,500 லிட்டர், 675 ரூபாய் கையில் நிற்கும். யாரும் தாகத்தோடு இருக்காமலே இது முடியும்.

ராத்திரி ஒரு சோதனை

முதல் வேலை, ஒழுகலைக் கண்டுபிடிப்பது. இரவு எல்லோரும் படுத்த பிறகு தொட்டியில் தண்ணீர் மட்டத்தைச் சாக்பீஸால் குறித்து வையுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. மீட்டர் உள்ள வீடானால் மீட்டர் எண்ணைக் குறித்தாலே போதும்.

எவ்வளவு போயிற்று என்று கணக்கிடுவதும் சுலபம். ஒரு கன அடி என்பது சுமார் 28.3 லிட்டர். 6 அடி நீளம், 5 அடி அகலம் உள்ள சம்ப்பில் ஓர் அங்குலம் இறங்கினால் 70 லிட்டர் போய்விட்டது என்று அர்த்தம். இதே கணக்கை லாரிக்காரர் நிரப்பிவிட்டுப் போன பிறகும் போட்டுப் பார்க்கலாம். காசு கொடுத்த அளவு வந்ததா என்பது தெரிந்துவிடும்.

குழாய் சொட்டுகிறதா? அடியில் ஒரு சொம்பை வையுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் சேர்ந்தால் மாதம் 720 லிட்டர் வீண். பெரும்பாலும் உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்துதான் சொட்டும். அதன் விலை சொற்பம்.

ஃபிளஷ் டாங்க் கசிவு கண்ணுக்குத் தெரியாது. அதில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டு, அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யாமல் இருங்கள். பீங்கானில் நிறம் இறங்கி வந்தால் உள்ளே இருக்கும் அடைப்பானை மாற்ற வேண்டும்.

குளியலறையில்...

நிமிஷத்துக்கு 10 லிட்டர் கொட்டும் ஷவரில் பத்து நிமிஷம் நின்றால் 100 லிட்டர். ஒரு பெரிய பக்கெட்டில் 20 லிட்டர் பிடித்துச் சொம்பால் மொண்டு குளித்தால் திருப்தியாகக் குளிக்கலாம். வித்தியாசம் ஒருவருக்கே 80 லிட்டர். "ஷவர்ல குளிச்சாதான் குளிச்ச மாதிரி இருக்கு" என்று அடம் பிடிக்கும் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஷவர் என்று ஒரு சலுகை கொடுத்துப் பாருங்கள்.

பழைய ஃபிளஷ் டாங்க்குகள் ஒவ்வொரு தடவையும் 10 லிட்டருக்குக் குறையாமல் கொட்டும். நாலு பேர், ஆளுக்கு ஐந்து தடவை என்றால் 200 லிட்டர்! ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி மூடி, மிதவையில் இடிக்காதபடி டாங்க்குக்குள் ஓரமாக நிறுத்தி வையுங்கள். தடவைக்கு ஒரு லிட்டர் மிச்சம். செங்கல் வைக்காதீர்கள், கரைந்து அடைத்துக்கொள்ளும். டாங்க்கை மாற்றும் காலம் வந்தால், இரண்டு பொத்தான் உள்ளதாக வாங்குங்கள். சின்னப் பொத்தானில் சுமார் 3 லிட்டரும் பெரியதில் 6 லிட்டரும்தான் போகும். துணி அலசிய தண்ணீரை ஒரு வாளியில் எடுத்து வைத்தால் கழிப்பறைக்கு அதுவே ஆகும்.

சமையலறையில்...

குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கும் பழக்கத்தை விடுவதுதான் பெரிய லாபம். எச்சிலை வழித்து எடுத்து, எல்லாவற்றையும் தேய்த்து அடுக்கிவிட்டுக் கடைசியில் ஒரு முறை அலசுங்கள். குழாய் முனையில் பொருத்தும் ஏரேட்டர் என்கிற சல்லடை மூடி, காற்றைக் கலந்து தண்ணீரை விடும். குறைந்த தண்ணீரிலேயே நன்றாக அலசலாம்.

காய்கறியை ஓடும் குழாயில் பிடிக்காமல் குண்டானில் போட்டுக் கழுவுங்கள். அரிசி, பருப்பு களைந்த தண்ணீர் செடிகளுக்கு நல்லது. வாஷிங் மெஷினை அரைகுறையாகப் போடாமல், நிறைந்த பிறகு ஓட்டுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காது. அலச அலச அழுக்குப் போகாத மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் மெட்ரோ தண்ணீரைத் துணிக்கும் சமையலுக்கும் வைத்துக்கொண்டு, போர் தண்ணீரைக் கழிப்பறைக்கும் தரை கழுவவும் ஒதுக்குங்கள்.

ஆர்.ஓ. கருவி உள்ளவர்கள் அதன் கழிவுக் குழாயைச் சாக்கடையில் விடாமல் வாளியில் விட்டுப் பாருங்கள். நல்ல தண்ணீரைவிடக் கழிவுதான் அதிகமாக நிற்கும். செடிக்கு வேண்டாம், உப்பு அதிகம். கழிப்பறைக்கும், பாத்திரத்தின் முதல் அலசலுக்கும் ஆகும்.

கேனா, காய்ச்சலா?

கேன் தண்ணீருக்கே மாதம் நூற்றுக்கணக்கில் ஆகிறது என்றால், மெட்ரோ தண்ணீர் வரும் வீடுகளில் காய்ச்சிக் குடிப்பதை யோசிக்கலாம். 20 லிட்டரைக் கொதிக்க வைக்கச் சுமார் கால் கிலோ கேஸ் ஆகும். 14.2 கிலோ சிலிண்டரின் விலையை 57ஆல் வகுத்தால் ஒரு 'கேன்' காய்ச்சும் செலவு வந்துவிடும். தெளிய வைத்து, வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்த பிறகு இறக்கி மூடி வையுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. உப்பு மிகுந்த போர் தண்ணீருக்கு இந்த யோசனை பொருந்தாது.

கேன்தான் வாங்குவது என்றால் முத்திரை உடையாமல் இருக்கிறதா, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 14543 என்ற எண்ணும் இருக்கிறதா, தயாரித்த தேதி என்ன என்று பார்த்து வாங்குங்கள்.

இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்!

குடிப்பதைக் குறைக்காதீர்கள். தண்ணீர் குறைவாகக் குடிப்பதும், சிறுநீரை அடக்கி வைப்பதும் சிறுநீர்த் தொற்றுக்கு வழி செய்யும். பெண்களுக்கு இது சுலபமாக வரும். ஒரு தடவை டாக்டரிடம் போய் மருந்து வாங்கினால் மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும். தாய்ப்பால் கொடுப்பவர்கள் தாகம் எடுக்கும்போதெல்லாம் தயங்காமல் குடிக்க வேண்டும்.

கழிப்பறை போய்வந்த பிறகும், குழந்தைக்குக் கழுவிவிட்ட பிறகும், சமைப்பதற்கு முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதில் கஞ்சத்தனம் கூடாது. மாதவிலக்கு நாட்களில் குளியலையும் சுத்தத்தையும் குறைக்கக் கூடாது.

சுமப்பதிலும் கவனம் வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. ஒரு கேன் 20 கிலோ! கர்ப்பிணிகளும், சிசேரியன் ஆகிச் சில வாரங்களே ஆனவர்களும் தூக்கக் கூடாது. "அவர் ஆபீஸ் விட்டு வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாதே" என்றால், ஒரு சின்னப் பாத்திரத்தில் அன்றைக்கு வேண்டியதை முன்கூட்டியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் பிடித்து வைப்பது வீட்டில் எல்லோருக்கும் உள்ள வேலை.

பிடித்து வைத்த தண்ணீரை மூடி வையுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாட்கள் போதும். அதனால் வாரம் ஒரு முறை டிரம்மையும் அண்டாவையும் காலி செய்து, உட்புறச் சுவரை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டைகள் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும்; தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது.

கோடைக்கு ஓர் உண்டியல்

2019 கோடையை யாரும் மறந்திருக்க மாட்டோம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டு, ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் ரயிலில் தண்ணீர் வந்தது. லாரித் தண்ணீரின் விலையும் அப்போது எகிறியது. எல்லா வருஷமும் அப்படி இராது. ஆனாலும் கோடையில் செலவு கூடும் என்பது தெரிந்த விஷயம்தானே?

எட்டு மாதம் 1,000 ரூபாயும், கோடையின் நாலு மாதம் 2,500 ரூபாயும் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 18,000. மாதச் சராசரி 1,500. அந்த எட்டு மாதமும் 500 ரூபாயைத் தனி உறையில் போட்டு வந்தால் 4,000 சேரும். கோடையில் மாதம் 1,000 வீதம் துண்டு விழுவதை அது சரிக்கட்டிவிடும். கடன் வாங்க வேண்டாம், பழத்தில் கை வைக்க வேண்டாம்.

அடுக்குமாடியில் இருந்தால்...

இரண்டு பேர் உள்ள வீட்டுக்கும் ஏழு பேர் உள்ள வீட்டுக்கும் ஒரே தொகை என்று பல குடியிருப்புகளில் பிரிக்கிறார்கள். நாம் எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் பில் குறையாது. வீட்டுக்கு வீடு மீட்டர் வைப்பதோ, அதற்கு வசதி இல்லையென்றால் ஆள் கணக்கில் பிரிப்பதோ நியாயம். "கூட்டத்துக்கு அவர் போவார்" என்று இருந்துவிடாதீர்கள். தண்ணீரைக் கையாளும் நீங்களே உங்கள் நோட்டோடு போய்ப் பேசுங்கள். வாடகைக்கு வீடு பார்ப்பவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் கோடையில் எத்தனை லாரி வரும், செலவை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. உங்கள் கட்டிடத்தில் அந்தக் குழாய் அடைபடாமல் இருக்கிறதா என்று ஐப்பசிக்கு முன்பே பார்த்துவிடுங்கள். 1,000 சதுர அடி மொட்டைமாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. முதல் மழையில் மாடியைக் கழுவிவிட்டு, அடுத்த மழையைத் துணி கட்டிப் பிடித்தால் துணி துவைக்கவும் தரை துடைக்கவும் இரண்டு நாளைக்குக் கவலை இல்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. இந்த வாரம் நோட்டும் ராத்திரிச் சோதனையும், அடுத்த வாரம் ஃபிளஷ் டாங்க், அதற்கடுத்து ஷவர் என்று ஒவ்வொன்றாக ஆரம்பியுங்கள். மாதக் கடைசியில் நோட்டை வீட்டுக்காரரிடமும் பிள்ளைகளிடமும் காட்டுங்கள். மிச்சமான தொகையில் முதல் செலவு உங்களுக்கு வேண்டிய ஏதாவது ஒன்றாக இருக்கட்டும்!